பழத்தில் பூசணம்: புளித்த மாவு சொல்லும் பாடம்

ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலத்தைப் பார்க்கிற மாவட்டம் நம்முடையது. வயலுக்கும் வாழைக்கும் மழை வரம். பழம் விற்கிற வியாபாரிக்கு அதுவே கவலையும்கூட. இரவில் கடையை அடைக்கும்போது நன்றாக இருந்த செந்துளுவன் சீப்பில், காலையில் பார்த்தால் காம்பு வெட்டிய இடம் கறுத்து வெள்ளைப் பூசணம் படர்ந்திருக்கும். பெட்டியில் அடுக்கிய ஆரஞ்சில் ஒன்று பச்சைப் பொடி அப்பியதுபோல் கிடக்கும். எடுத்தால் பொடி புகையாய்ப் பறக்கும். இரண்டு நாள் கழித்துப் பக்கத்தில் இருந்த பழங்களும் அதே கதிக்கு வந்துவிடும்.

இந்த நஷ்டத்தை நம்மில் பலர் தனியாக எழுதிவைப்பதில்லை. 'கழிவு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், பழத்தில் வந்த லாபத்தில் ஒரு பங்கைப் பூசணம் தின்றிருப்பது தெரியும்.

அண்மைக் காலமாகக் கடைத்தெருவில் ஒரு பேச்சு அடிபடுகிறது. தயிர், மோர், இட்லி மாவு போன்ற புளித்த பொருள்களில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் பூசணத்தைத் தடுக்கும் என்பதே அது. "அப்படியானால் மோர்த் தண்ணீரைப் பழத்தின் மேல் தெளித்தால் என்ன?" என்றும் சிலர் கேட்கிறார்கள். முதலில் சொன்னது உண்மை. ஆராய்ச்சியில் உறுதிப்பட்ட செய்தி. ஆனால் மோரைத் தெளிக்கலாம் என்ற முடிவு தவறு. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், ஒரு சொட்டு மருந்துகூட வாங்காமல் கடைக் கழிவைக் குறைக்க வழி தெரியும்.

பழங்கஞ்சியும் ஒட்டிய பருக்கையும்

நம் வீட்டுப் பழங்கஞ்சியையே எடுத்துக்கொள்வோம். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கிறோம். காலையில் அது புளித்திருக்கிறது, பூசணம் பிடிப்பதில்லை. அதே சோறு கழுவாத பானையின் ஓரத்தில் ஒட்டியிருந்தால் இரண்டு, மூன்று நாளில் பூத்துவிடுகிறது. சோறு ஒன்றுதான், வீடும் ஒன்றுதான். வேறுபாடு எங்கிருந்து வந்தது?

முதல் காரணம் காற்று. பூசணம் வளரக் காற்று வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கிய சோற்றில் அதற்குக் காற்று போதாது. காற்று அதிகம் இல்லாமலும் வாழத் தெரிந்த லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அந்த நேரத்தில் கிடுகிடுவெனப் பெருகிவிடுகின்றன.

இரண்டாவது காரணம் இடமும் உணவும். பந்திக்கு முந்தியவனுக்கே இலை என்பதுபோல, முதலில் பெருகியவை சோற்றில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. பிந்தி வரும் பூசண விதைக்கு மிஞ்சுவது குறைவு.

மூன்றாவது காரணம் புளிப்பு. நான்காவதாக, சில பாக்டீரியாக்கள் பூசணத்துக்கு ஆகாத வேறு பொருள்களையும் உண்டாக்குகின்றன. ஆக, காவல் நான்கு. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இட்லி மாவிலும் இதே கதைதான். 1965-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஸ்டெய்ன்கிராஸ் என்ற அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் இட்லி மாவு புளிப்பதை ஆராய்ந்தனர். மாவைப் பொங்கவைப்பதில் முக்கியப் பங்கு லூக்கோனாஸ்டாக் மெசென்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியாவுக்கு என்று கண்டனர். அது அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே ஒட்டியிருப்பது. நாம் வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. மாவைப் புளிக்கவைப்பதோடு கரியமில வாயுவையும் அது வெளிவிடுகிறது. நாம் விற்கும் மாவுப் பாக்கெட் வெயில் நேரத்தில் உப்பிக்கொள்வதற்கு அந்த வாயுவே காரணம்.

புளிப்பு மட்டும் போதாது

'புளிப்புதானே பூசணத்தைத் தடுக்கிறது, எதையாவது புளிப்பாகத் தெளித்தால் போதாதா?' என்று நினைக்கலாம். நம் கடையிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. எலுமிச்சம்பழம் இட்லி மாவைவிடப் பல மடங்கு புளிப்பு. ஆனால் எலுமிச்சையில் பச்சைப் பூசணம் வருவதை யார் பார்த்ததில்லை? பூசணங்களில் பெரும்பாலானவை புளிப்பைத் தாங்கும். கெட்ட பாக்டீரியாக்களைப் புளிப்பு அடக்கும் அளவுக்குப் பூசணங்களை அடக்காது.

ஊறுகாய்ப் பரணியிலும் இதைக் காணலாம். எண்ணெயிலோ உப்புச் சாற்றிலோ மூழ்கிய துண்டு கெடுவதில்லை. மேலே காற்றுப்பட நிற்கும் துண்டில்தான் வெள்ளை படிகிறது. புளிப்பும் உப்பும் இரண்டுக்கும் ஒன்றே; காற்றுதான் வேறு.

இப்போது கடைப் பலகையில் இருக்கும் வாழைப்பழத்தைப் பாருங்கள். சுற்றிலும் காற்று. எனவே முதல் காவல் அங்கே இல்லை. தோலின் மேல் தெளித்த புளிப்பு காய்ந்துபோகும். மூன்றாவது காவலும் போயிற்று. மிஞ்சுவது இரண்டுதான். ஒன்று, பூசணத்துக்கு முன்பே இடம் பிடிப்பது. மற்றொன்று, பூசணத்துக்கு ஆகாத பொருளைச் சுரப்பது. பழத்தின் மேல் இந்த இரண்டையும் திறமையாகச் செய்யும் பாக்டீரியா எது என்பதுதான் ஆராய்ச்சியாளர்கள் தேடிவரும் விஷயம்.

ஆய்வுகள் கண்டது

இத்தாலி நாட்டில் ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டோபாசில்லஸ் பிளான்டாரம் என்ற பாக்டீரியாவில் ஒரு குறிப்பிட்ட வகையை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண ஈஸ்ட் மட்டும் சேர்த்த ரொட்டியில் கறுப்புப் பூசணம் 2 நாளில் தோன்றியது. இந்த பாக்டீரியாவையும் சேர்த்துப் புளிக்கவைத்த ரொட்டியில் அது தோன்ற 7 நாள் ஆயிற்று. பினைல் லாக்டிக் அமிலம் போன்ற பொருள்களை அந்த பாக்டீரியா உண்டாக்குவதே காரணம் என்று கண்டார்கள். 2002-ல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களும், மாட்டுத் தீவனத்துக்காகப் புளிக்கவைத்த புல்லிலிருந்து எடுத்த பிளான்டாரம் வகை ஒன்றில் இதே பொருளையும், பூசணத்தைத் தடுக்கும் வேறு சில பொருள்களையும் கண்டார்கள்.

இன்னொரு கூட்டம் பேசில்லஸ் வகை. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாதான் ஜப்பானியர் விரும்பி உண்ணும் நாட்டோ என்ற புளித்த சோயாவை உண்டாக்குகிறது. நம் நாட்டிலும் சிக்கிமில் கினேமா என்ற பெயரிலும் மணிப்பூரில் ஹவாய்ஜார் என்ற பெயரிலும் சோயாவை இப்படிப் புளிக்கவைத்து உண்கிறார்கள். இந்த பாக்டீரியா இனத்தில் பல வகைகள் இட்டூரின் போன்ற பொருள்களைச் சுரக்கின்றன. அவை பூசணத்தின் உயிரணுச் சுவரை ஒட்டிய சவ்வைச் சிதைக்கின்றன. 1984-ல் அமெரிக்காவில் பியூசி, வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள், பறித்த பீச் பழங்களில் வரும் பழுப்பு அழுகலை மண்ணிலிருந்து எடுத்த ஒரு சப்டிலிஸ் வகையைக் கொண்டு கட்டுப்படுத்திக் காட்டினார்கள். பின்னர், பழத்துக்குப் பூசும் மெழுகோடு அதைக் கலந்தும் சோதித்தார்கள்.

1928-ல் பெனிசிலியம் என்ற பூசணம் பாக்டீரியாவைத் தடுப்பதை அலெக்சாண்டர் பிளெமிங் கண்டார். பெனிசிலின் மருந்து பிறந்தது. நம் ஆரஞ்சிலும் ஆப்பிளிலும் வரும் பச்சை, நீலப் பூசணங்கள் அதே பெனிசிலியம் இனத்தைச் சேர்ந்தவை. அங்கே பூசணம் பாக்டீரியாவை அடக்கியது. இங்கே பாக்டீரியாவை வைத்துப் பூசணத்தை அடக்கப் பார்க்கிறார்கள்.

ஏன் இவ்வளவு முயற்சி? வெளிநாட்டுப் பழக் கிடங்குகளில் பல ஆண்டுகளாகப் பயன்படுத்திய ரசாயனப் பூசணக் கொல்லிகளுக்குப் பெனிசிலியம் பழகிப்போய், மருந்துக்கு மசியாத வகைகள் தோன்றிவிட்டன. பழத்தில் மருந்து தங்குவதையும் மக்கள் விரும்புவதில்லை.

மாவுத் தண்ணீரை ஏன் தெளிக்கக் கூடாது?

இவ்வளவு நல்ல செய்தி இருக்க, மோரையும் மாவுத் தண்ணீரையும் தெளிக்க வேண்டாம் என்று சொல்வதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

ஒன்று, ஆய்வில் பயன்பட்டது பல நூறு வகைகளிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு வகை. அதைத் தனியாக வளர்த்து, எண்ணிக்கை பார்த்து, அளவோடு கொடுக்கிறார்கள். நம் வீட்டு மாவில் இருப்பது பலவும் கலந்த கூட்டம். இன்று இருப்பது நாளை இருக்காது. ஒரு வீட்டு மாவுபோல் இன்னொரு வீட்டு மாவு இருக்காது.

இரண்டு, மோரில் பால் சர்க்கரையும் புரதமும் உண்டு. மாவில் மாவுச்சத்து உண்டு. அவை பூசணத்துக்கும் உணவு. காவல்காரனை அனுப்புவதாக நினைத்துத் திருடனுக்கும் சேர்த்துச் சோறு போட்டதாகிவிடும்.

மூன்று, ஈரம். பூசண விதை முளைக்க முதலில் வேண்டியது ஈரம். மழைக்காலத்தில் பழத்தை நனைப்பது எதனாலும் சரி, நஷ்டமே.

நான்கு, சுத்தம். மாவை நாம் வேகவைத்துத்தான் உண்கிறோம். அரைத்த தண்ணீரிலும் பாத்திரத்திலும் உள்ள கெட்ட கிருமிகள் வேகும்போது அழிகின்றன. பழத்தை யாரும் வேகவைப்பதில்லை. தெளித்த பழத்தை ஒரு குழந்தை அப்படியே கடித்துத் தின்று வயிற்றுப்போக்கு வந்தால், அதற்குப் பொறுப்பு கடைக்காரர்தான்.

சந்தைக்கு வந்த சரக்கு

1995-ல் அமெரிக்காவில் பழப் பூசணத்துக்கென இரண்டு உயிர்மருந்துகள் பதிவு பெற்றன. பயோசேவ் என்பது பாக்டீரியா. ஆஸ்பயர் என்பது ஈஸ்ட். இரண்டும் வேலை செய்தன. ஆனாலும் ஆஸ்பயர் சில ஆண்டுகளில் சந்தையை விட்டுப் போய்விட்டது. உயிருள்ள சரக்கைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும். ஒரு பூசணத்துக்குக் கேட்பது மற்றொன்றுக்குக் கேட்காது. விலையும் கட்டுப்படியாக வேண்டும். வாழையின் காம்பு அழுகலையே எடுத்துக்கொண்டால், அதை உண்டாக்குபவை ஒன்றல்ல, பல பூசணங்கள். ஆகவே இவ்வகைச் சரக்கு எதையும் ஒரே மருந்தில் எல்லாம் தீரும் என்று நம்பி வாங்கக் கூடாது.

நம் நாட்டில் பூசணத்தைக் கொல்லவென்று விற்கும் பாக்டீரியா மருந்துக்கும் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். யாராவது 'இயற்கை மருந்து, பழத்தில் தெளிக்கலாம்' என்று புட்டியைக் கொண்டுவந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். பதிவு எண் எங்கே? எந்த பாக்டீரியா, ஒரு கிராமில் எத்தனை கோடி? காலாவதி நாள் எது? எந்தப் பழத்துக்கு, பறிக்கும் முன்பா, பின்பா? இந்த நான்கும் உறையில் இல்லையென்றால் வாங்க வேண்டாம். தோட்டத்துக்கென வாங்கிய ரசாயனப் பூசணக் கொல்லியைக் கடையில் பழத்தின் மேல் அடிப்பது அதைவிடப் பெரிய தவறு. நாளை தின்னப்போகிற பழத்தில் இன்று மருந்து அடித்தால், அது குறைவதற்கு நாளே கிடையாது.

நோய் தொடங்கும் இடம் தோட்டம்

வாழைப்பழத்தில் குழிவிழுந்த கரும்புள்ளியாக வரும் ஆந்த்ராக்னோஸ் நோயின் பூசணம், காய் பச்சையாக இருக்கும்போதே தோலில் வந்து அமர்கிறது. முளைத்து, தோலில் ஒட்டிக்கொண்டு, காய் பழுக்கும்வரை அசையாமல் காத்திருக்கிறது. பழுத்தபின் நம் கடையில் வெளிப்படுகிறது. காய்ந்த இலையிலும், உலர்ந்த பூவிலும், பூமடலிலும் அது குடியிருக்கும்.

ஆகவே இந்த நோய்க்குப் பாக்டீரியா உதவி கிடைக்க வேண்டிய இடம் பெரும்பாலும் தோட்டம்தான். சூடோமோனாஸ் புளோரசன்ஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் ஆகிய பாக்டீரியாக்களைப் பயிர் நோய்களுக்குப் பயன்படுத்தும் முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகப் பரப்பி வருகிறது. நமக்குக் குலை கொண்டுவரும் விவசாயி திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலோ தன் தோட்டத்துக்கு ஏற்றது எது என்று கேட்டுக்கொள்ளலாம். 1993-ல் தொடங்கிய வாழைக்கான தேசிய ஆராய்ச்சி மையமும் திருச்சியில்தான் இருக்கிறது. 'உன் குலையில் புள்ளி வருகிறது' என்று விலையைக் குறைப்பதோடு நில்லாமல் இந்த வழியையும் சொன்னால், அடுத்த முறை வரும் குலை நமக்கும் லாபம்.

ஒரு குறிப்பு. நன்றாகக் கனிந்த பழத்தில் தோலோடு சமமாகத் தோன்றும் சிறு பழுப்புப் புள்ளிகள் நோயல்ல. இனிப்பு ஏறியதன் அடையாளம். புள்ளி குழிந்து, நடுவே இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சு நிறமாகவோ பிசுபிசுத்தால் அது ஆந்த்ராக்னோஸ்.

கடையில் செய்ய வேண்டியவை

முதலில் வந்தவனுக்கே இடம் என்பது பாக்டீரியா சொல்லும் பாடம். பூசணம் நுழையும் இடம் பெரும்பாலும் காயம். காயமே இல்லையென்றால் அதற்கு இடமே இல்லை. இதை வைத்துக் கீழ்க்கண்ட முறைகளைக் கடைப்பிடிக்கலாம்.

1. கொள்முதலில் காயத்தைப் பாருங்கள். வடசேரியிலோ, அப்டா சந்தையிலோ, மார்த்தாண்டத்திலோ குலை எடுக்கும்போது நிறத்தையும் பருமனையும் மட்டும் பார்க்காமல் உரசல், நகக்கீறல், நசுங்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆரஞ்சுப் பெட்டியில் மேல் வரிசையோடு நிற்காமல் அடியிலும் கை விட்டுப் பாருங்கள்.

2. பழைய வாழைச் சருகைத் திரும்பத் திரும்ப விரிக்காதீர்கள். நசுங்காமல் இருக்கச் சருகு போடுவது நம் வழக்கம். ஆனால் ஆந்த்ராக்னோஸ் பூசணத்தின் வீடே அதுதான். சுத்தமான தாளோ, துவைத்து வெயிலில் காய்ந்த சாக்கோ நல்லது.

3. சீப்பு வெட்டும் கத்தி கூர்மையாகவும் சுத்தமாகவும் இருக்கட்டும். மொண்ணைக் கத்தி நார் நாராகக் கிழிக்கும். கிழிந்த இடத்தில் பூசணம் உடனே ஏறும். அன்றாடம் கழுவித் துடைத்து வையுங்கள்.

4. வாழைக்குலையைக் கயிற்றில் தொங்கவிடும் நம் பழைய வழக்கத்தை விட வேண்டாம். நான்கு பக்கமும் காற்றோட்டம் கிடைத்துத் தோல் ஈரமில்லாமல் இருக்கும். அடியில் நசுங்கலும் இல்லை. பூசணம் வாழக் காற்று வேண்டும் என்றாலும், திறந்த இடத்தில் காற்றை நிறுத்த நம்மால் ஆகாது. ஈரத்தை உலர்த்த அந்தக் காற்றையே பயன்படுத்திக்கொள்ளலாம்.

5. வாழைப்பழத்தைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். சுமார் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் தோல் கறுத்துவிடும். ஆப்பிளுக்குக் குளிர் ஏற்கும்.

6. கூடை, பெட்டி, தட்டுகளை வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயவையுங்கள். ஈரத்தோடு பழத்தை அடுக்க வேண்டாம்.

7. பழுக்கவைக்கக் கார்பைடு கல்லைத் தொடாதீர்கள். சட்டப்படி தடை செய்யப்பட்டது. முறையாக அமைத்த அறையில் எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். அளவுக்கு மிகாமல் பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது.

8. காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாகப் பூத்த பழத்தைப் பொறுக்குங்கள். ஊதவோ உதறவோ வேண்டாம். ஒரு காகிதப் பையைக் கவிழ்த்து மூடி எடுத்து வெளியே கொண்டுபோங்கள். கடைக்குப் பின்னாலேயே குவித்துவைத்தால் விதை திரும்பவும் உள்ளே வரும்.

9. ஒரு சிறு நோட்டில் எந்தச் சரக்கு, யாரிடம் எடுத்தது, எத்தனை நாளில், எத்தனை கிலோ கழிந்தது என்று எழுதுங்கள். மூன்று மாதத்தில் நஷ்டம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்துவிடும்.

பூத்த பழத்தை விற்கலாமா?

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமை ஆகாது. பாதி அழுகிய ஆப்பிளைக் குறைந்த விலைக்கு ஜூஸ் போடக் கொடுத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. ஆப்பிளின் நீலப் பூசணம் பட்டுலின் என்ற நச்சுப் பொருளை உண்டாக்கக்கூடியது. சூடாக்கினாலும் அது முழுவதும் போகாது. ஆப்பிள் சாற்றில் ஒரு கிலோவுக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியே சொல்கிறது. அழுகிய பகுதியை வெட்டி எறிந்தாலும், கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்துச் சதையிலும் அது இறங்கியிருக்கலாம். ஜூஸ் குடிக்க வருபவர்களில் குழந்தைகளும் நோயாளிகளும் அதிகம். பத்து, இருபது ரூபாயைப் பார்த்து அந்தப் பழத்தைக் கொடுக்க வேண்டாம். எருக்குழிக்குப் போகட்டும்.

நம் மாவட்டத்தின் மட்டிப் பழம் 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. கன்னியாகுமரி என்ற பெயரைத் தாங்கிப் பழம் வெளியூர் போகும் காலம் இது. அந்தப் பெயரைக் காப்பாற்றும் கடைசிக் கை விவசாயியுடையதல்ல, வியாபாரியுடையது. பழத்துக்கென்று நன்கு சோதித்த நல்ல பாக்டீரியா மருந்து நம் ஊர்க் கடைக்கும் ஒருநாள் வரலாம். வந்தால் பதிவு பார்த்து வாங்கிக்கொள்வோம். அதுவரை மாவு இட்லிக்கும் மோர் குடிக்கவும் இருக்கட்டும். காயமில்லாத கொள்முதல், ஈரமில்லாத பலகை, பூத்ததை அன்றே அகற்றும் பழக்கம் இந்த மூன்றும் நாளைக் காலையே தொடங்கக்கூடியவை.